இரண்டே நாளில் குழுவை விட்டுப் போனவன்

எங்கள் ஹாஸ்டல் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மார்கழியில் ஒரு வாக்குவாதம் நடந்தது. எம்.ஜி.ஆர். இறந்த செய்தியை நாங்கள் எப்படிக் கேட்டோம் என்பதுதான் விஷயம். மெஸ்ஸில் காலைச் சாப்பாட்டுக்குத் தட்டும் டம்ளருமாக வரிசையில் நின்றபோது வார்டன் அறை ரேடியோவில் கேட்டோம் என்று ஒருவன் தொடங்கினான். சமையல்காரர் கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதார் என்று இன்னொருவன் எழுதினான். ஏழு பேர் ஆமாம் என்றார்கள். அந்த ஏழு பேரில் நானும் ஒருவன். துபாயில் இருக்கும் நண்பன் ஒருவன் மட்டும் நிதானமாக ஒரு கேள்வி கேட்டான்: அவர் இறந்தது 1987 டிசம்பர் 24ஆம் தேதி விடியற்காலையில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மிஷன் ஹாஸ்டலில் யாரடா இருந்தது?

யாரும் இருந்திருக்க முடியாது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து அவரவர் ஊரில் இருந்தோம். ஆனால் அழுத சமையல்காரர் பொய்யில்லை. தேடிப் பார்த்ததில், அது 1984 அக்டோபர் 31, இந்திரா காந்தி சுடப்பட்ட நாள். தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம், அதுவும் காலை வேளை அல்ல, மாலை. மூன்று வருடம் தள்ளி நடந்த இன்னொரு சாவோடு அந்தக் கண்ணீரை எங்களில் யாரோ ஒருவன் எப்போதோ ஒட்டியிருக்கிறான், மற்றவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏழு பேர் சேர்ந்து ஒரு நாளையே மாற்ற முடியுமானால், முப்பத்தைந்து வருடமாக நாங்கள் கூடிக் கூடிச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருக்கும் மற்ற கதைகளின் கதி என்ன என்ற எண்ணம்தான் காரணம். அதிலும் ஒரு கதை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் ஹாஸ்டலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உறைவிடப் பள்ளி என்றவுடன் பலருக்கு மலைமேல் இருக்கும் கான்வென்ட்டுகள் நினைவுக்கு வரும். 1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி போன்றவை. எங்கள் திருநெல்வேலிச் சீமையில் 'போர்டிங்' என்பது வேறு உலகம். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்ததிலிருந்தே மிஷன்காரர்கள் பள்ளியோடு விடுதியையும் கட்டினார்கள். சாயர்புரத்தில் ஜி.யு. போப்பும் இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசாவும் நடத்தியவை அந்த வரிசையில் வந்தவைதான். உயர்நிலைப் பள்ளியே இல்லாத கரிசல் கிராமத்திலிருந்தும் தேரிக்காட்டிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிப்பதற்கு அதைத் தவிர வழியில்லை. எங்களை அனுப்பிய பெற்றோர் வசதியால் அனுப்பவில்லை. டிரங்குப் பெட்டி ஒன்று, தலையணை ஒன்று, கோரைப்பாய் ஒன்று, பெயர் பொறித்த எவர்சில்வர் தட்டு ஒன்று, இவற்றோடு 1981 ஜூனில் ஆறாம் வகுப்பில் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் பேட்ச் 1988இல் பிளஸ் டூ முடித்தது.

குழு தொடங்கியபோது அடைந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவனை 'டேய்' என்று அழைக்க உலகத்தில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள்? பிள்ளைகள் வெளியூர் போய், பெற்றோரில் ஒருவர் போய், அலுவலகத்தில் எல்லோரும் 'சார்' என்று அழைக்கத் தொடங்கிய வயதில், தண்டவாளத் துண்டில் அடிக்கும் விடிகாலை மணியையும், கந்தக சோப்பின் நாற்றத்தையும், ஒருவனுக்குச் சிரங்கு வந்தால் அறை முழுக்க வரிசையாக நின்று வெள்ளை மருந்து பூசிக்கொண்டதையும் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஏறக்குறைய நாற்பது பேர் திடீரென்று கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் மனம் நிறையாது? எங்களில் ஒருவனுக்கு நெஞ்சு அறுவை சிகிச்சை என்றபோது மூன்றே நாளில் பணம் சேர்ந்தது. உறவுக்காரர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

இந்த விஷயத்தில் ஆண்கள் கொடுத்து வைத்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். என் மனைவியும் போர்டிங்கில் படித்தவள்தான். அவளுடைய தோழிகளைத் தேட அவளுக்கு ஆறு வருடம் பிடித்தது. எங்களுக்கு ஊர் மாறவில்லை, இனிஷியல் மாறவில்லை. அவர்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து போய்க் கணவர் பெயரின் முதலெழுத்து வந்துவிட்டது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் இல்லை. முகநூலில் 'செல்வி' என்று தேடினால் யாரைக் கண்டுபிடிப்பது? கடைசியில் ஒருத்தியின் தம்பி, இன்னொருத்தியின் ஊர்க் கோயில் கொடை நோட்டீஸ் என்று ஒவ்வொருத்தியாகத் தேடிப் பிடித்தார்கள். அவர்கள் கூடும்போது மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது, ஃபிளெக்ஸ் கிடையாது. ஒரு வீட்டு மாடியில் பாயை விரித்து இரவெல்லாம் பேசுகிறார்கள். யார் யாருக்கு அங்கே அழுகை வந்தது என்பதையும் பேசுகிறார்கள். எங்கள் கூட்டத்தில் அது நடந்ததில்லை. நாங்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வார்டனைப் போல் நடித்துக் காட்டுவோம்.

அந்த நடிப்பில் தவறாமல் இடம்பெறும் காட்சி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு இன்லண்ட் லெட்டர் எழுத வேண்டும்; எழுதியதை ஒட்டாமல் வார்டன் மேசையில் வைக்க வேண்டும்; அவர் படித்துப் பார்த்த பிறகுதான் அது தபால் பெட்டிக்குப் போகும். அதனால் எல்லோருடைய கடிதமும் ஒரே கடிதமாகவே இருக்கும்: நான் இங்கு நலம், அங்கு அனைவரும் நலமா, நன்றாகப் படிக்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒருவன் மட்டும் உண்மையை எழுதிவிட்டான். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமத்துப் பையன், அப்பா இல்லை, அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலை. இராத்திரி பசிக்கிறது என்று அம்மாவுக்கு எழுதியிருந்தான். ஸ்டடி நேரத்தில் அவனை எழுப்பி நிற்க வைத்து, அந்தக் கடிதத்தை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்க வைத்தார்கள். படித்தது அவன் அல்ல. குரல் கணீரென்று இருக்கும் என்பதற்காக என்னைப் படிக்கச் சொன்னார்கள். நான் படித்தேன். சிரிப்பு வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் படித்தேன் என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு அவன் உள்ளங்கையில் பிரம்படி விழுந்தது, கடிதம் கிழிபட்டது. அன்றைக்கு அவனுக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்து பிளஸ் டூ வரை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவனுடைய எண் கிடைத்துக் குழுவில் சேர்த்தோம். சேர்த்த அரை மணி நேரத்துக்குள் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி வரவேற்பு. அடுத்தடுத்து முப்பது சிரிப்புப் பொம்மைகள். ஒருவன் கடிதக் காட்சியைக் குரல் பதிவாகவே நடித்து அனுப்பினான். இரண்டாம் நாள் இரவு அவன் குழுவிலிருந்து விலகினான். "பெரிய ஆளாயிட்டான் போல" என்றார்கள். "பழசை மறந்தவன்" என்றும் ஒருவன் எழுதினான். பழசை மறந்தவன் என்று அவனைச் சொன்னது எவ்வளவு பெரிய அபத்தம் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

எங்கள் குழுவில் வாரம் ஒரு முறையாவது வரும் வாசகம், "அன்னைக்கு அடிச்சதாலதான் இன்னைக்கு உருப்பட்டிருக்கோம்" என்பது. இதை நான் ஏற்கவில்லை, ஏற்கவில்லை என்று குழுவிலேயே எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஆறாம் வகுப்பில் அறுபது பேருக்கு மேல் சேர்ந்தோம். பிளஸ் டூ வரை வந்தவர்கள் நாற்பதுக்கும் குறைவு. சுவர் ஏறிக் குதித்து ஓடியவர்கள், லீவுக்குப் போய்த் திரும்பாதவர்கள், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் அழுதுகொண்டே போனவர்கள் எவரும் இந்தக் குழுவில் இல்லை. மிஞ்சியவர்கள் மட்டும் கூடி உட்கார்ந்து, அடி நல்லது என்று தீர்மானம் போட்டால் அதில் என்ன நியாயம் இருக்கிறது? நாங்கள் உருப்பட்டதற்கு அடியைத் தவிர வேறு காரணங்கள் ஏராளம். மாதாமாதம் மணியார்டர் அனுப்பிய அப்பாக்கள், இரவு பத்து மணிக்கு மேல் இலவசமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு வாத்தியார், தன் பங்குக் கோதுமை உப்புமாவைச் சின்னப் பையனுக்குத் தள்ளிவிட்ட ஓர் அண்ணன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் மாணவர்களை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. இப்போது எங்கள் குழுவில் பிரம்பின் புகழ் பாடும் யாராவது தன் பேரப்பிள்ளையை ஒரு வார்டன் அப்படி அடித்தால் பொறுத்துக்கொள்வானா? காவல் நிலையத்துக்குத்தான் போவான்.

பிரிட்டனில் ஜாய் ஷேவரியன் என்ற உளச்சிகிச்சையாளர் 2011இல், சின்ன வயதில் வீட்டைப் பிரிந்து விடுதிப் பள்ளியில் வளர்ந்து பெரியவர்களானவர்களிடம் தாம் கண்ட ஒருவகை இறுக்கத்துக்கு 'உறைவிடப் பள்ளி நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். அவர் எழுதியது பெரும்பாலும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி. எங்கள் வறுமையும் அவர்கள் செல்வமும் ஒன்றல்ல. ஆனாலும் இரவு பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் சத்தம் வராமல் அழக் கற்றுக்கொண்ட பிள்ளை எந்த ஊரானாலும் ஒரே பிள்ளைதான் என்று நினைக்கிறேன். எங்கள் ஹாலில் அந்தச் சத்தமில்லாத அழுகை முதல் பத்து நாள் கேட்கும். ஆம், சத்தமில்லாததுதான், ஆனாலும் கேட்கும். பக்கத்துப் பாயில் படுத்தவர்களுக்குத் தெரியும்.

எம்.ஜி.ஆர். வாக்குவாதம் முடிந்த வாரத்தில் நான் கோவில்பட்டிக்குப் போனேன். அந்தக் கடிதம் எழுதியவன் அங்கே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொன்னான். அவன் முகத்தில் கோபம் ஏதும் தெரியவில்லை. செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே பேசினான். நானாக அந்தக் கடிதத்தைப் பற்றி எடுத்தேன், மன்னிப்புக் கேட்கும் தோரணையில். அவன் சொன்னான்:

"நீ படிச்சதெல்லாம் எனக்குப் பெருசா இல்லடா. வாராவாரம் லெட்டர் வரும்னு அம்மா தபால்காரரைப் பாத்துக்கிட்டே இருப்பா, அவளுக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்ல குடுத்துத்தான் கேப்பா. அந்த வாரம் வரலன்னதும் பயந்துபோய் ஒருநாள் கூலிய விட்டுட்டுப் பஸ் ஏறி வந்திருக்கா. பாக்குறதுக்கு மாசத்துல கடைசி ஞாயித்துக்கிழமைதானே. கேட்லயே நிக்கவச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க. கொண்டுவந்த பொட்டலத்த மட்டும் வாச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்கா."

பொட்டலத்தில் என்ன என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான். கடலை மிட்டாய்.

எனக்கு அந்த மிட்டாய் நினைவிருந்தது. 2020இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஏழாம் வகுப்பில் எங்கள் அறையில் பதினோரு பேர் ஒரு பொட்டலத்தை உடைத்துத் தின்ற கதையைக் குழுவில் நான்தான் எழுதினேன். தாளில் கசிந்திருந்த வெல்லப்பாகை நக்கியதுவரை எழுதியிருந்தேன். நிறையப் பேர் இதயக் குறி போட்டிருந்தார்கள். அது யாருடைய பொட்டலம், எப்படி வந்தது என்பது மட்டும் என் நினைவில் இல்லாமல் போயிருந்தது.

"நீ தின்னியா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு தின்னேன். மீதிய நீங்க எடுத்துக்கிட்டீங்க" என்று சிரித்தான். அவன் அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறதாம்.

திரும்பி வந்து குழுவில் நடந்ததை அப்படியே எழுதினேன். வழக்கமாக ஒரு செய்திக்கு இருபது பதில் வரும் குழுவில் அன்று இரவு வரை ஒன்றும் வரவில்லை. குரல் பதிவு போட்டவன் அதை அழித்துவிட்டதாக எனக்கு மட்டும் தனியாக எழுதினான். மறுநாள் காலை யாரோ ஒருவன் வணக்கம் சொல்லிப் பூப்படம் போட்டான், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. வரும் மே மாதச் சந்திப்புக்கு அவனையும் அழைக்க வேண்டும், எண்ணைக் கொடு என்று கேட்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. அவனிடம் கேட்டேன், வரவில்லை என்று சொல்லிவிட்டான், ஆனால் கோவில்பட்டி வழியாகப் போகிறவர்கள் தனியாக வந்தால் டீ உண்டு என்றான். அந்தத் தகவலை மட்டும் குழுவில் போட்டிருக்கிறேன். இதுவரை இரண்டு பேர் போய் வந்திருக்கிறார்கள்.