பெரியப்பாவின் ஃபார்வர்டும் இடியாப்ப மாவும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சின்னக் கலவரம். தம்பி மகளுக்குக் காது குத்திய படங்களைப் போட்டிருந்தார்கள். சித்தி மகள் ஒருத்தி அதன் கீழே ‘நைஸ்’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போனாள். அரை மணி நேரத்தில் பெரியப்பாவிடமிருந்து நீளமாக ஒரு ஃபார்வர்டு: நைஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் உண்மையான பொருள் முட்டாள், ஆகவே இனி யாரையும் நைஸ் என்று சொல்லி அவமானப்படுத்த வேண்டாம், இதைப் பத்துப் பேருக்குப் பகிரவும். கீழே ஐந்து கைகூப்பு. அந்தப் பெண் பயந்துபோய்த் தன் ‘நைஸை’ அழித்தேவிட்டாள்.

பெரியப்பா அனுப்பியது முழுப்பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இதற்கு முன் அனுப்பினாரே, நியூஸ் என்றால் நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்பதன் முதல் எழுத்துகள் என்று, அது சுத்தக் கட்டுக்கதை. நியூ என்றால் புதியது, நியூஸ் என்றால் புதியவை, அதில் திசையும் கிடையாது காம்பஸும் கிடையாது. ஆனால் இந்த நைஸ் விவகாரத்தில் தகவல் சரி, அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தப்பு. இந்த மாதிரிப் பாதி உண்மையோடு மல்லுக்கட்டுவதுதான் கஷ்டம்.

சரி, தகவல் என்ன? லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்று ஒரு சொல். ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். ஒன்றும் அறியாதவன், அதாவது மண்டு. அது பழைய பிரெஞ்சுக்குள் போய் ‘நிஸ்’ ஆகி, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோதும் மண்டுவாகத்தான் வந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதும்போது ஒருவனை நைஸ் என்றால் அவன் அசடு. இன்னொரு வேடிக்கை, அதே ‘ஸ்கீரே’யிலிருந்து வந்ததுதான் சயின்ஸ். மனசாட்சிக்குச் சொல்லும் கான்ஷியன்ஸும் அங்கிருந்துதான். ஆக நைஸும் சயின்ஸும் பங்காளிகள், ஒரே வீட்டில் ஒன்று படித்தது, ஒன்று படிக்காதது.

அந்தப் படிக்காதது அப்புறம் ஊர் சுற்றிய கதை பெரிது. ஒன்றும் தெரியாதவன் கூச்சப்படுவான், கூச்சப்படுபவன் எதையும் தொட யோசிப்பான், எதையும் தொட யோசிப்பவனை ‘ரொம்பப் பார்க்கிறான்பா’ என்று சொல்வோம் இல்லையா, அந்த மாதிரி ஒவ்வொரு படியாக நகர்ந்து, அதிகம் பிகு செய்கிற, பூஞ்சையான, மென்மையான, நுட்பமான என்று 16ஆம் நூற்றாண்டுக்குள் அரை டஜன் பொருள்கள் சேர்ந்துவிட்டன. நடுவில் கொஞ்ச காலம் ஒழுக்கக்கேடான என்ற பொருளும் இருந்தது, அதைப் பெரியப்பாவிடம் நான் சொல்லவில்லை. இன்றைக்கு நாம் சொல்கிற ‘இனிமையான, நன்றாக இருக்கிற’ என்பது 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் ஊன்றியது. அதாவது அந்தச் சொல்லின் வயதில் அது சமீபத்தியச் சரக்கு.

சமீபத்தியச் சரக்கு என்றாலே முகம் சுளிக்க ஒருவர் வந்துவிடுவார். 1817 கடைசியில், ஜேன் ஆஸ்டன் இறந்து சில மாதம் கழித்து, நார்த்தாங்கர் ஆபி நாவல் வெளிவந்தது. அதில் ஹென்றி டில்னி என்று ஒரு வாய்த்துடுக்கான இளைஞன், ஒரு பெண் ஒரு புத்தகத்தை நைஸ் என்று சொல்லிவிட்டாள் என்பதற்காக அவளைப் பிடித்துக் கலாய்ப்பான். நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்கள் இரண்டு பேரும் நைஸான பெண்கள், எதற்கு வேண்டுமானாலும் பொருந்துகிற சொல்லாகிவிட்டது, முன்பெல்லாம் சுத்தம், நுட்பம், நயம் இதற்குத்தானே சொல்லியிருப்பார்கள் என்பான். படிக்கும்போது எனக்குப் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. ஆனால் பாருங்கள், அவனும் பாதி வழியில் நின்றுவிட்டான். அவன் ‘முன்பெல்லாம்’ என்று காட்டுகிற இடத்துக்கு முன்னாலும் ஒரு முன்பெல்லாம் இருக்கிறது, அங்கே போனால் அசடு உட்கார்ந்திருக்கிறது. பழைய பொருள்தான் சரியான பொருள் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் தங்களுக்குப் பிடித்த பஸ் ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டு அதையே டெர்மினஸ் என்கிறார்கள்.

பழைய பொருள் தெரிந்திருக்கத் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு, தெரியாததால் நானே மானம் கெட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய சட்டக் கட்டுரையில் ‘நைஸ் பாயின்ட்’ என்று வந்ததை ‘அருமையான வாதம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். திருத்தியவர் சிவப்பு மையில் வட்டம் போட்டுப் பக்கத்தில் ‘நுணுக்கமான?’ என்று ஒரே சொல் எழுதியிருந்தார், திட்டக்கூட இல்லை. வாட்டர்லூ போர் முடிந்த மறுநாள், 1815 ஜூனில், நெப்போலியனை அங்கே தோற்கடித்த தளபதி வெலிங்டன் பிரபு பிரஸ்ஸல்ஸில் க்ரீவி என்ற அரசியல்வாதியிடம் அந்தச் சண்டையைப் பற்றிப் பேசும்போது அதையும் நைஸ் என்றுதான் சொன்னார். (நம்ம குன்னூர் பக்கத்து வெலிங்டன் இவர் பெயரில்தான்.) ஆயிரக்கணக்கில் பிணம் விழுந்த சண்டையை ‘அருமையா இருந்துச்சு’ என்று சொல்கிற ஆள் இல்லை அவர். மயிரிழையில் தப்பிய சமாசாரம் என்பதுதான் அங்கே பொருள். இதற்கெல்லாம் பழைய பொருள் வேண்டும். காதுகுத்துப் படத்துக்குக் கீழே எழுதிய பெண்ணை மிரட்ட வேண்டாம்.

இப்போது நம் ஊர் நைஸுக்கு வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்கள் தெருமுனை மாவு மில்லுக்குப் பச்சரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி எடுத்துக்கொண்டு போனால், மில் அண்ணாச்சி தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு, “புட்டுக்கா, இடியாப்பத்துக்கா?” என்று கேட்பார். புட்டு என்றால் கொரகொரப்பு. நான் இடியாப்பம் என்றதும், “அப்ப நைஸாப் போட்டுருவோம்” என்று மெஷினின் பக்கவாட்டில் இருக்கிற திருகை இன்னும் கொஞ்சம் முறுக்குவார். சத்தம் மாறும். முதலில் விழுகிற மாவில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பார். ஒரு மணி உறுத்தினால்கூட மறுபடி கொட்டுவார். உறுத்தாவிட்டால் என் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து, “பாருங்க, நைஸ்” என்பார்.

அண்ணாச்சி சொல்கிற இந்த நைஸ் இன்றைய லண்டன்காரனுக்கு எளிதில் விளங்காது. மாவைத் தொட்டு நைஸ் என்றால் அவன் ‘நல்ல மாவு’ என்றுதான் எடுத்துக்கொள்வான். ஆனால் 400 வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேயன் ஒருவேளை சட்டென்று பிடித்துக்கொண்டிருப்பான், மென்மை, நுண்மை என்று அவன் புழங்கியதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது இது. துணி நைஸாக இருக்கிறது என்றால் நாம் சொல்வது விலையையோ நிறத்தையோ இல்லை, விரலுக்குத் தெரிகிற வழவழப்பை. கொத்தனார் சுவரை நைஸாகப் பூசுவதும், ஆசாரி கடைசியில் நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அதேதான். ‘நைய’ அரைப்பது, துணி ‘நைந்து’ போவது என்று நம்மிடமே ஒரு நை இருந்ததால், புதிதாக வந்த நைஸுக்குத் திண்ணையில் இடம் சுலபமாகக் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். இன்னொன்று. சிவப்பு மைக்காரர் எழுதிய அந்த ‘நுணுக்கம்’ இருக்கிறதே, எங்கள் ஆச்சி அம்மியில் மிளகும் சீரகமும் வைத்துக்கொண்டு சொன்னதும் அதே சொல்தான்: “நல்லா நுணுக்கிப் போடு.” பொடியாக அரைப்பதும் நுணுக்குவது, கூர்மையாக யோசிப்பதும் நுணுக்கம். ஆங்கிலத்தின் நைஸ் போன பாதையில் தமிழ் தானாகவே ஏற்கனவே நடந்திருக்கிறது.

ஆனால் நாம் அதோடு நிற்கவில்லை. ஓட்டலில் பில் வருகிற நேரம் பார்த்து ஒருவர் நைஸாகக் கை கழுவ எழுந்து போவார், உங்கள் நண்பர்களிலும் கட்டாயம் ஒருவர் உண்டு. நைஸாகப் பேசிக் கையெழுத்து வாங்குவார்கள். நைஸாக நழுவுவார்கள். காரியம் ஆக வேண்டுமென்றால் மாமியாரை நைஸ் பண்ணுவார்கள். மாவின் வழவழப்பு அப்படியே ஆளுக்கு ஏறிவிட்டது, உராய்வு இல்லை, சத்தம் இல்லை, போனதே தெரியாது. இங்கேதான் எனக்குச் சிரிப்பு. லத்தீனில் கிளம்பும்போது ஒன்றும் தெரியாதவனாக இருந்த சொல், நம் ஊருக்கு வந்து, எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாதவன் போல நடந்துகொள்கிறவனுக்குப் பெயராகிவிட்டது. எந்த வாத்தியாரும் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

ஆதிப் பொருள்தான் சட்டம் என்றால் சினிமா வில்லன் யார் தெரியுமா? பண்ணை நிலத்தில் பாடுபடுகிற ஆள். லத்தீனில் ‘வில்லா’ என்றால் பண்ணை, அதைச் சேர்ந்த உழைப்பாளி. பண்ணையார்கள் அவனைப் பார்த்த பார்வைதான் அந்தச் சொல்லைக் கெடுத்தது, நாம் ‘பட்டிக்காட்டான்’ என்று மூக்கைச் சுளிப்பதைப் போல. பழைய பொருளைப் பிடித்துக்கொண்டால் நம்பியார் திரையில் வரும்போதெல்லாம் விவசாயத் தொழிலாளி என்றுதான் சொல்ல வேண்டும். சில்லி என்ற சொல் நைஸுக்கு எதிர்த் திசையில் போனது, ஆசி பெற்றவன் என்று ஆரம்பித்து, வெகுளி, பாவம் என்று இறங்கி, அசடில் வந்து முடிந்தது.

நமக்கு உதாரணத்துக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஐம்புலன்களை வரிசையாகச் சொல்லும்போது வள்ளுவர் ‘நாற்றம்’ என்கிறார், வெறும் வாசம், நல்லதோ கெட்டதோ இல்லை. ஆண்டாள் ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று கேட்கிறாள், அங்கே அது அமுதம். பெரியப்பா இதே கொள்கைப்படி அடுத்த வெள்ளிக்கிழமை பெரியம்மா தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு வரும்போது ‘நல்லா நாறுது’ என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

இதை அப்படியே குழுவில் எழுதினேன். பதில் வரவில்லை, போன்தான் வந்தது. “சரிம்மா, நீ படிச்சவ. என்னைய ரொம்ப நைஸ் பண்ணாத. இடியாப்ப மாவு அரைச்சு வச்சிருக்கியாமே, ரெண்டு டம்ளர் குடுத்து விடு, பெரியம்மா கேக்கா” என்றார். கொடுத்துவிட்டேன். குழுவில் அவர் ஃபார்வர்டு அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே, காதைப் பிடித்துக்கொண்டு அழுகிற குழந்தைப் படத்துக்குக் கீழே, ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரியும்.