ஆனைக்கு ‘அவன்’ போடத் தேவையில்லை

ஆங்கிலத்தில் மிருகங்களை ‘இட்’ என்று சொல்வதுதான் இயற்கையைச் சாமானாகப் பார்க்கும் புத்திக்கு அடிவேர் என்று அந்த மொழிக்காரரே நெடுநாளாக வாதாடுகிறார்கள். இப்போது அதைத் தமிழுக்கும் கொண்டுவந்து, “யானையை இனி அது என்று எழுதாதீர்கள், அவன் அல்லது அவள் என்று எழுதுங்கள்” என்கிறார்கள் சிலர். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வயிற்றுவலிக்காரனுக்கு முழங்காலில் எண்ணெய் பூசுவது போன்ற வேலை இது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யானை, மாடு, மீன் பற்றி நாளாந்தம் செய்தி எழுதுகிறவர்களும் துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்கிறவர்களும் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஆங்கிலக்காரரின் முறைப்பாட்டை நியாயமாகக் கேட்போம். ஜேன் குடால் 1960இல் இன்றைய தன்சானியாவில் உள்ள கொம்பேக் காட்டுக்குப் போய்ச் சிம்பன்சிகளைக் கவனித்து எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரையில் ‘ஹி’, ‘ஷி’, ‘ஹூ’ என்று போட்டிருந்தார். பதிப்பாசிரியர் அவற்றை வெட்டிவிட்டு ‘இட்’ என்றும் ‘விச்’ என்றும் மாற்றினார். குடால் அந்த வெட்டை வெட்டித் திரும்பவும் பழையபடி எழுதினார். அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் நடைக்கையேட்டில், பாலும் தெரியாத பெயரும் இல்லாத மிருகம் என்றால் ‘இட்’ என்பதுதான் விதி. வீட்டு நாய்க்குப் பெயர் இருப்பதால் அது ‘ஹி’ ஆகும். காட்டு நரிக்குப் பெயர் வைக்க ஆளில்லை, ஆகவே கதிரை மேசையோடு ஒரே வரிசை. வட அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான பொட்டவட்டோமி இனத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் ரொபின் வோல் கிம்மரர் தன் மூதாதையர் மொழியில் மரத்தையும் பறவையையும் உயிருள்ளவற்றின் இலக்கணத்தில் பேசுவதைக் காட்டி, ஆங்கிலத்துக்கு ‘கி’ என்ற புதுச் சொல்லையும், பன்மைக்கு ‘கின்’ என்பதையும் முன்வைத்தார். ‘கின்’ என்றால் ஆங்கிலத்தில் ஏற்கெனவே உறவினர்தான். அழகான யோசனை. அந்த மொழிக்கு அந்த நோய் இருக்கிறது, அந்த மருந்தும் பொருந்தலாம்.

தமிழின் ‘அது’ அந்த ‘இட்’டின் சகோதரம் இல்லை. நம்மிடமும் பிரிவு உண்டு. “உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே” என்று தொல்காப்பியம் கோடு கிழித்துவிட்டது. யானையும் அம்மிக்கல்லும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மொழி அந்தக் கோட்டோடு நின்றுவிடவில்லை. ‘வந்த மனுசன்’, ‘வந்த ஆனை’ என்று சொல்லிப் பாருங்கள். குடாலும் பதிப்பாசிரியரும் சண்டை பிடித்த, ஆளுக்கு ‘ஹூ’ பொருளுக்கு ‘விச்’ என்ற பிரிவு தமிழில் இல்லவே இல்லை. பெயரெச்சத்துக்குத் திணை கிடையாது. ஆளுக்கும் ஆனைக்கும் ஒரே ‘வந்த’.

வேற்றுமை உருபைப் பாருங்கள். ‘ஆளிடம்’ என்கிறோம், ‘நாயிடம் கடி வாங்கினான்’ என்கிறோம், ஊர்ப் பேச்சில் ‘ஆனையிட்ட அகப்பட்டான்’ என்கிறோம். ‘கல்லிடம் அடி வாங்கினான்’ என்று யாரும் சொல்வதில்லை, கல்லில் அடிபட்டான் என்பதுதான் வழக்கு. இந்த ஓர் உருபில் தமிழ் மிருகத்தை மனிதனோடு சேர்த்துவைத்துக் கல்லை வெளியே விட்டிருக்கிறது. இது தெரியாமல் ஆங்கில வாக்கியத்தைப் பார்த்து ‘யானைகளில் காணப்படும் ஞாபகசக்தி’ என்று எழுதுகிறார்கள். இரும்பில் காணப்படும் துரு என்பது சரி. யானைகளிடம் இருப்பது ஞாபகசக்தி.

எல்லாவற்றையும் விட ‘அதுகள்’. கிழக்கில் இந்தச் சொல்லை யாருக்குப் பாவிக்கிறோம்? “பிள்ளைகள் பசியோட வருதுகள், சோத்தைப் போடு.” “தாயும் மகளும் தனிய இருக்குதுகள், பாவம் அதுகள்.” இரக்கமும் செல்லமும் மேலிடும்போது மனிதரையே அஃறிணைக்கு இறக்கிக்கொள்கிற வழக்கு இது. மாட்டுக்கும் அதே பேச்சுத்தான்: “அதுகளுக்குத் தண்ணி காட்டினியா?” இந்த ‘அதுகளை’ நீக்கிவிட்டு ‘அவர்கள்’ என்று போட்டால் மரியாதை கூடும், நெருக்கம் போய்விடும். எதிர்த்திசையிலும் வாசல் திறந்தே இருக்கிறது. “உவப்பினும் உயர்வினும் சிறப்பினும்” என்று தொடங்கும் நன்னூல் சூத்திரம் திணை மாற்றிச் சொல்ல அனுமதி தருகிறது. அதற்குப் பாடசாலையில் நாம் படித்த உதாரணமே ஒரு பசு: “என் அம்மை வந்தாள்.” மகிழ்ச்சி மிகுந்து வரும் இடத்தில் பசு ‘வந்தாள்’ ஆகலாம். எல்லா இடத்திலும் விதியாகப் போட்டால் அந்த மகிழ்ச்சி செத்துவிடும்.

பக்கத்தில் இருக்கும் சிங்களத்தையும் பார்க்கலாம், அம்பாறையில் இது தூரத்து மொழி இல்லையே. அங்கே பிரிவு உயிருள்ளது, உயிரற்றது என்றுதான். ஆள் இருந்தாலும் அலியா (யானை) இருந்தாலும் ‘இன்னவா’, மரம் இருந்தால் ‘தியெனவா’. இரண்டு பேர் என்றாலும் இரண்டு யானை என்றாலும் ‘தென்னெக்’, இரண்டு மரம் ‘தெகக்’. கிம்மரர் ஆங்கிலத்துக்குக் கேட்கிற ஏற்பாட்டின் பெரும்பங்கு இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அப்படியிருந்தும் அலியா ‘இன்னவா’ என்று சொல்கிற ஊர்களிலும் ஆனை ‘நிக்குது’ என்று சொல்கிற ஊர்களிலும் ஒரே மாதிரித்தான் துவக்குச் சூடும் கம்பி மின்சாரமும். 2011 கணக்கெடுப்பில் தீவு முழுவதும் 5,879 யானைகள். 2023 ஒரே ஆண்டில் 450க்கு மேல் யானைகள் செத்தன, 150க்கு மேல் மனிதரும் யானைகளால் செத்தார்கள். சுட்டுப்பெயர் காப்பாற்றும் என்றால் இந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் தமிழில் கேடு எங்கே இருக்கிறது? பெயர்ச்சொல்லிலும் வினையிலும், எழுவாயைக் கழற்றிவிடுகிற, அதாவது செய்தவரைச் சொல்லாமல் விடுகிற பழக்கத்திலும்.

நாம் அடிக்கடி பார்க்கிற வகைச் செய்தி ஒன்றை எடுக்கிறேன்: “மின்வேலியில் சிக்கிக் காட்டு யானை பலி. விவசாய நிலங்களில் அட்டகாசம் புரிந்துவந்த யானையொன்று மின்சாரம் தாக்கி உயிரிழந்த நிலையில் மீட்கப்பட்டுள்ளது.” இதில் ‘அது’ என்ற சொல்லே இல்லை. ஆனாலும் நாலு பிழை இருக்கிறது.

முதலாவது ‘மின்வேலி’. முறையாகப் போட்ட யானை வேலியில் ஓடுவது தொடர் மின்சாரம் இல்லை. அதன் இயந்திரம் ஏறத்தாழ செக்கனுக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் துடிப்பு செக்கனில் மிகச் சிறு பங்கு நேரம்தான் நிற்கும். தும்பிக்கை சுரீரென்று இழுபடும், இதயம் நிற்காது. கொல்வது வேறு: வீட்டு லைனில் இருந்தோ கம்பத்தில் இருந்தோ 230 வோல்ட்டை நேரே வெறும் கம்பிக்குக் கொடுப்பது. அது விடாமல் ஓடும், தொட்ட தசை சுருங்கிக்கொள்ளும், ஈரநிலத்தில் நிற்கிற யானை விலக முடியாது. இரவில் தண்ணீர் கட்டப் போகிற மனுசனும் அதே கம்பியில்தான் சாகிறான். இரண்டுக்கும் ‘மின்வேலி’ என்று ஒரே பெயர் கொடுத்தால் சட்டப்படி போட்ட வேலிக்குக் கெட்ட பெயர், கள்ள இணைப்புக் கொடுத்தவருக்கு மறைப்பு.

இரண்டாவது ‘அட்டகாசம்’. அது வில்லன் சிரிக்கிற சிரிப்பு. நெல் குடலைப் பருவத்துக்கு வந்து பால் பிடிக்கிற வாசம் யானையை இழுக்கிறது. அது வருவது தின்ன. வேளாண்மை அழிந்த வீட்டின் துயரம் சின்னது இல்லை, ஒரு போகம் போனால் கடன் இரண்டு போகத்துக்கு நிற்கும். அதை எழுதுங்கள்: எந்த வட்டை (வயல்வெளி), எத்தனை ஏக்கர், எந்தப் பருவத்து நெல், நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தாயிற்றா. அந்த நாலு விபரமும் விவசாயிக்கு உதவும். ‘அட்டகாசம்’ யாருக்கும் உதவாது.

மூன்றாவது ‘மீட்கப்பட்டுள்ளது’. செத்த பிறகு எதை மீட்பது? கிடந்தது, கண்டார்கள், அவ்வளவுதான்.

நாலாவது ‘யானையொன்று’. என்ன யானை? இதில்தான் நம் மொழி பணக்கார மொழி, நாம் பிச்சைக்காரர் மாதிரி எழுதுகிறோம். கொம்பன் (தந்தமுள்ள ஆண்), அலியன் (தந்தமில்லாத ஆண்), தனியன் (தனியே திரியும் ஆண்), பிடி (பெண்), கன்று. முதல் மூன்றும் ‘அன்’ விகுதியில் முடிவதைக் கவனியுங்கள். கொம்பன் என்று சொல்லும்போதே ஆண்பால் விகுதி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. ‘கொம்பன் செத்துக் கிடக்குது’ என்பதில் பெயரில் ஆள், வினையில் அஃறிணை, இரண்டும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் கிடக்கின்றன. தனியாக ஒரு ‘அவன்’ எதற்கு?

ஆணா பெண்ணா என்று பார்க்காமல் எழுதுவதாலும் பிழை வருகிறது. இலங்கையில் பெரும்பாலான ஆண் யானைகளுக்குத் தந்தம் இல்லை. தந்தம் இல்லாததைக் கண்டதும் ‘பெண் யானை’ என்று எழுதிவிடுகிறார்கள். கிடக்கிறது அலியன். பார்க்க வேண்டிய இடம் முன்னங்கால்களுக்கு நடுவே: வளர்ந்த பிடிக்கு அங்கே இரண்டு முலை தெரியும், பால் கொடுப்பதானால் புடைத்தே இருக்கும். அலியனின் நெற்றியும் துதிக்கை அடியும் அகன்று பருத்திருக்கும். இது வீண் நுணுக்கம் இல்லை. பயிருக்குள் இறங்குவது பெரும்பாலும் தனியன்கள். செத்தது பால் கொடுக்கிற பிடி என்றால், சுற்றுவட்டாரத்தில் ஒரு கன்று இருக்க வேண்டும், வனஜீவராசிகள் திணைக்களத்தார் அன்றைக்கே தேட வேண்டும். சினைக்காலம் 22 மாதம் வரை போகும், பிறந்த கன்று இரண்டு வருசம் தாண்டியும் பால் குடிக்கும். ‘யானையொன்று’ என்ற செய்தியில் அந்தக் கன்று காணாமல் போய்விடுகிறது.

இனி அதே செய்தி: “வட்டையைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பிக்கு வீட்டு மின்சாரம் கொடுக்கப்பட்டிருந்தது. அதைத் தொட்ட பிடி ஒன்று நேற்றிரவு செத்தது. முலையில் பால் இருந்ததால் அதன் கன்றைத் தேடுகிறார்கள். இணைப்புக் கொடுத்தவர் யார் என்று பொலிஸார் விசாரிக்கின்றனர்.” ‘அதன் கன்று’ என்றே எழுதியிருக்கிறேன். அந்த ‘அதன்’ இங்கே யாரையும் சாமான் ஆக்கவில்லை.

எழுவாயைக் கழற்றுவதற்கு இன்னும் இரண்டு இடம். ‘பிளாஸ்டிக் உண்ட யானை பலி’ என்கிறோம். அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் எட்டு வருசத்தில் இருபதளவில் யானைகள் செத்ததாக 2022 தொடக்கத்தில் உலகச் செய்தியானது. அந்த வாக்கியத்தில் உண்டது யானை, குப்பையைத் தரம் பிரிக்காமல் திறந்த வெளியில் கொட்டியவர் அதில் வரவே இல்லை. ‘வாயில் காயத்துடன் யானை உயிரிழப்பு’ என்கிறோம். பூசணிக்குள்ளோ வெள்ளரிக்குள்ளோ வெடியை வைத்துப் பன்றிக்கென்று விட்டுவிட்டுப் போகிறார்கள், ஹக்கப்பட்டாஸ் என்பது அதுதான். கன்று கடிக்கிறது. தாடை சிதறி, நாக்குக் கிழிந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில், சிலது வாரக்கணக்கில் நின்று சாகிறது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ‘காயத்துடன்’ என்ற சொல் அதைச் சொல்லவில்லை. ‘வெடி வைத்தார்கள்’ என்று எழுதுங்கள், வைத்த கை வாக்கியத்துக்குள் வரட்டும்.

மாட்டுக்கும் இதே கதி. நாகு (இன்னும் கன்று போடாத இளம் பசு), நாம்பன் (இளங்காளை), கறவை, மறியாடு (பெண் ஆடு), கிடாய், பேட்டுக்கோழி, கடுவன் பூனை என்று பட்டிக்காரர் வீட்டில் இன்றும் புழங்குகிற சொற்களைத் தள்ளிவைத்துவிட்டு, படிவத்தில் ‘கால்நடை அலகு’ என்று எழுதுகிறோம். கால்நடை நல்ல சொல்தான், காலால் நடப்பது. ‘அலகு’தான் அதை மூட்டைக் கணக்காக்குகிறது. நியாயமாகச் சொன்னால் நம் பழைய தமிழிலும் ‘மாடு’ என்றால் செல்வம் என்று ஒரு பொருள் உண்டு, திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் அப்படித்தான் வருகிறது. ஆக எல்லாப் பழியையும் ஆங்கிலத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் மேய்ச்சல் தரை பற்றிய முறைப்பாட்டில் ‘200 அலகுகள்’ என்று எழுதாமல் ‘120 கறவை, 50 நாகு, 30 நாம்பன்’ என்று எழுதினால், எத்தனை இப்போது பால் தருகிறது, எத்தனை அடுத்த வருசம் கன்று போடும் என்பது வாசிக்கிற அதிகாரிக்குக் கேள்வி கேட்காமலே விளங்கும்.

குட்டிகளுக்கு ஒன்பது பெயரைத் தொல்காப்பிய மரபியல் வரிசைப்படுத்துகிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. யானைக்கன்றுக்குக் ‘குழவி’ என்ற பெயரும் உரியது என்று தனியாகச் சொல்கிறது. நாம் மனிதக் குழந்தைக்குச் சொல்கிற அதே குழவி.

மட்டக்களப்பு வாவிக்கு வருவோம். கரையில் கேட்கிற கேள்வி “இண்டைக்கு மீன்பாடு எப்படி?” என்பது. படுவது மீன், பட்டால் உண்டு, படாவிட்டால் இல்லை. கையில் இல்லாத ஒன்றை மதிக்கிற சொல் அது. அதை எடுத்துவிட்டு ‘மீன் அறுவடை’ என்று போடுகிறார்கள். அறுவடை என்றால் விதைத்தவன் அறுப்பது. வாவியில் விதைத்தது யார்? சின்னக் கண் வலையைக் கொண்டுபோய்க் குஞ்சையும் சேர்த்து வாரினாலும் அந்தச் சொல்லுக்குள் அது நியாயமாகிவிடுகிறது.

‘பாடும் மீன்’ நம் அடையாளம். ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1848 செப்டம்பரில் மட்டக்களப்பு வாவியில் அந்த ஒலியைக் கேட்டு எழுதினார். மீனவர் அதற்குச் சொன்ன தமிழ்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில் குறித்துவைத்து, அழும் சிப்பி என்று பொருள் கொடுத்தார். அவர் எழுதிய எழுத்தைக் கூட்டி வாசித்தால் என் காதில் ‘ஊரி குளறுது’ என்றே விழுகிறது. குளறுவது என்றால் நம் ஊரில் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, செத்தவீட்டில் பெண்கள் குளறுவார்கள். தண்ணீருக்கு அடியில் கிடக்கிற ஓட்டுப்பூச்சிக்கு அந்த மனிதர்கள் வினையில் ‘குளறு’ என்ற மனிதத் துயரத்தைக் கொடுத்தார்கள், விகுதியில் ‘உது’ என்ற அஃறிணையையும் கொடுத்தார்கள்.