ஃபார்ம் 16-இல் யாரும் பார்க்காத அந்த 4%

வருமான வரி நியாயமா என்று பேசும்போதெல்லாம் ஸ்லாபைப் பற்றி, அதாவது எந்த வருமான அடுக்குக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பற்றி மட்டுமே சண்டை போடுகிறோம். கட்டிய பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதும் நியாயத்தில் பாதி. சம்பளத்தில் வரி பிடித்ததற்கு நிறுவனம் தரும் சான்றான ஃபார்ம் 16-இன் பகுதி B-யை எடுத்து, 'சுகாதாரம் மற்றும் கல்வி செஸ்' என்று அச்சிட்ட இடத்தைப் பாருங்கள். செஸ் என்பது குறிப்பிட்ட ஒரு தேவைக்காக என்று சொல்லி, வரியின் மேல் வாங்கும் கூடுதல் தொகை.

2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. கழிவெல்லாம் போக வரிக்குரிய வருமானம் ₹20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20 சதவீதம்: 20,000 + 40,000 + 60,000 + 80,000. மொத்தம் ₹2,00,000. அதன் மேல் 4% செஸ் ₹8,000.

அந்த 2 லட்சம் மாநிலங்களோடு பகிரப்படும் தொகுப்புக்குப் போகிறது. வசூல் செலவைக் கழித்துவிட்டு, வரிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக் குழு சொன்னபடி 41% மாநிலங்களுக்கு, ஏறக்குறைய ₹82,000. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079%, அதாவது ₹3,345 அளவுக்கு. (இந்தப் பங்கே குறைவு என்பது வேறு வழக்கு.) ஆனால் அந்த ₹8,000-இல் எந்த மாநிலத்துக்கும் ஒரு பைசா பங்கு கிடையாது. அரசியலமைப்பின் 270-ஆவது பிரிவு செஸ்ஸையும், பெரும் வருமானக்காரர்களின் வரி மேல் போடும் சர்சார்ஜையும் பகிர்விலிருந்து விலக்கிவைக்கிறது.

வசூலிப்பது சுகாதாரத்தின் பெயரால், கல்வியின் பெயரால். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நர்ஸ் போடுவதும், அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும் மாநில அரசு. இது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை.

வருமானம் ஏற ஏற இந்தக் கோணல் பெரிதாகிறது. வரிக்குரிய சம்பள வருமானம் ₹1.5 கோடி என்றால் அடிப்படை வரி ₹40,80,000. 15% சர்சார்ஜ் ₹6,12,000. இரண்டும் சேர்ந்த தொகை மேல் 4% செஸ் ₹1,87,680. ஆக மாநிலங்களோடு பகிரப்படாதது ₹7,99,680. அவர் கட்டும் மொத்த வரியில் 16 சதவீதத்துக்கு மேல். 20 லட்சக்காரருக்கு இது 4 சதவீதத்தைத் தொடவில்லை. பெரும் வருமானக்காரரிடம் கூடுதலாக வாங்குவது சரியே, வாங்கத்தான் வேண்டும். ஆனால் சர்சார்ஜாக வாங்கும் கூடுதல் முழுவதும் ஒன்றிய அரசிடமே தங்கிவிடுகிறது.

'திட்டங்கள் வழியாக மாநிலங்களுக்குத்தானே திரும்பி வருகிறது' என்பார்கள். வருகிறது, நிபந்தனையோடு. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மேம்படுத்தும் ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ திட்டத்தில் சேரவில்லை என்பதற்காக 2024-25-க்கான சமக்ர சிக்‌ஷா (பள்ளிக் கல்விக்கான ஒன்றிய அரசுத் திட்டம்) நிதி ₹2,152 கோடி வரவில்லை என்று தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. பகிர்வுப் பணமாக வந்திருந்தால் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

சொன்ன காரியத்துக்காவது செலவானதா? இடைநிலை, உயர்கல்விக்கான 1% செஸ் 2007-இல் வந்தது. அதற்கான தனி நிதியம் அமைக்க 2017 ஆகிவிட்டது. 2017-18 வரை வசூலான ₹94,036 கோடி அந்த நிதியத்துக்கு மாற்றப்படவே இல்லை என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை பதிவு செய்தது. 2018-இல் இந்த 1%-உம் சேர்ந்த பழைய 3% கல்வி செஸ்ஸை எடுத்துவிட்டு இன்றைய 4%-ஐக் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட தேவைக்காக என்று வரும் செஸ்ஸுக்கு முடிவுத் தேதி போடாவிட்டால் இப்படித்தான் பெயர் மாறி நிலைத்துவிடும்.

சரிசெய்ய அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. விகிதங்கள் பட்ஜெட்டோடு வரும் நிதிச் சட்டத்தின் வழியாகத்தானே மாற்றப்படுகின்றன. 4% செஸ்ஸை எடுத்துவிட்டு, 5%-ஐ 5.2 ஆகவும், 20%-ஐ 20.8 ஆகவும், 30%-ஐ 31.2 ஆகவும் எழுதினால் போதும். அந்த 20 லட்சக்காரர் அப்போதும் ₹2,08,000-தான் கட்டுவார். ஆனால் ₹8,000-இல் சுமார் ₹3,280 மாநிலங்களுக்குப் போகும். தமிழ்நாட்டுக்கு அதில் ₹134-தான், தெரியும். ஆனால் எந்த ஊர் மருத்துவமனைக்கு, எந்தப் பள்ளிக்கு என்று இங்கேயே முடிவெடுக்கலாம்.