சேவைக்குச் சம்பளமா என்று கேட்டவருக்கும், கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்களுக்கும்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அறங்காவலராக இருக்கும் எங்கள் தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் 'நிர்வாகச் செலவு' என்ற ஒரே ஒரு வரியை வெட்டி எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, 'சேவைக்குச் சம்பளமா?' என்று கேட்டிருந்தார் அந்த நன்கொடையாளர். மற்றப் பக்கங்களை அவர் புரட்டிப் பார்த்ததற்கான அறிகுறியே இல்லை. கீழே குவிந்த கமெண்ட்டுகளையும் பார்த்திருப்பீர்கள். 'பேசாமல் ஒரு கம்பெனி ஆரம்பித்திருக்கலாமே' என்பதுதான் அவற்றில் நாகரிகமானது.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் மேலாளர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். வெளியே இதைவிட அதிகச் சம்பளத்துக்குப் போயிருக்கக்கூடியவர் அவர். போகாமல் இங்கே இருந்ததற்குக் கிடைத்த மரியாதை அந்தச் சிவப்பு வட்டம்.

ஒரு தொண்டு நிறுவனத்தை ஒழுங்காக நடத்துவதும் வேலைதான். வேலை என்றால் சம்பளம் உண்டு. இதைப் போய் விளக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் எரிச்சலாக வருகிறது.

அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது? மேலாளரின் சம்பளம், வவுச்சர்களைச் சரிபார்த்து எழுதும் கணக்காளரின் சம்பளம், தணிக்கைக் கட்டணம், அலுவலக வாடகை, எல்லாம் அதில்தான் வரும். ஒவ்வொரு நன்கொடை நிறுவனமும் ஒவ்வொரு படிவத்தில் அறிக்கை கேட்கும். அதைத் தயாரிக்க ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார், அவர் சம்பளமும் அதில்தான். குழந்தைகளோடு வேலை செய்ய வருகிறவர்களின் பின்னணியை விசாரிக்கும் செலவும் அதில்தான். 'குழந்தைக்குப் போகாத காசு' என்று வட்டம் போட்டாரே, அந்தக் காசில் ஒரு பகுதி அந்தக் குழந்தையின் பாதுகாப்புக்குத்தான் போகிறது.

இன்னொன்று. நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதை வைத்து ஒரு நிறுவனத்தின் யோக்கியதையை அளப்பவர்களுக்கு அந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்று தெரியுமா? ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தைத் திட்டச் செலவில் காட்டலாம், நிர்வாகச் செலவிலும் காட்டலாம். பாதிப் பாதியாகப் பிரித்தும் எழுதலாம். ஒரே அளவு செலவு செய்யும் இரண்டு நிறுவனங்களில் ஒன்று 8 சதவீதம் காட்டும், மற்றது 20 காட்டும். இருபது காட்டியவர் உள்ளதை உள்ளபடி எழுதியவராகக்கூட இருக்கலாம். எங்கள் மேலாளர் அப்படித்தான் எழுதினார். இன்று ஊர் வாயில் விழுந்தவரும் அவர்தான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2009-லேயே ஸ்டான்ஃபோர்டின் சமூகப் புத்தாக்க இதழில் இரண்டு ஆய்வாளர்கள் இதற்குப் பட்டினிச் சுழற்சி என்று பெயர் வைத்து எழுதினார்கள். கொடுப்பவர் நடைமுறைக்கு ஒத்துவராத அளவுக்குக் குறைந்த நிர்வாகச் செலவை எதிர்பார்க்கிறார். அவரை இழக்க பயந்து நிறுவனம் கணக்காளரையும் கணினியையும் பயிற்சியையும் வெட்டுகிறது, மிச்சத்தைக் குறைத்துக் காட்டுகிறது. அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்துக் கொடுப்பவர் அடுத்த வருடம் இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார். 2013-ல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை எடைபோடுவதையே வேலையாக வைத்திருந்த கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றும் சேர்ந்து நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின: இந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து யாரையும் எடைபோடாதீர்கள் என்று. எடைபோடுகிறவர்களே சொல்லிவிட்டார்கள். சிவப்பு வட்டக்காரர் காதில்தான் இன்னும் விழவில்லை.

சம்பளம் கொடுக்காமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதை நான் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். முன்பு வேறொரு நிறுவனத்தில் களப்பணியில் இருந்தேன். பெயர் வேண்டாம். நிறுவனர் தங்கமான மனிதர், கூட்டத்தில் பேசினால் கல்லும் கரையும். 'நம்மிடம் நிர்வாகச் செலவே கிடையாது' என்பதுதான் அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வாசகம். உண்மைதான், கிடையாது. ரசீதுகள் அவருடைய தோள்பையில் இருக்கும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது அவர் மனதில் இருக்கும். தணிக்கை வந்தபோது பையில் பாதி ரசீதில் மை அழிந்திருந்தது. வந்த பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் உரிய நேரத்தில் போகவில்லை, நிதியின் அடுத்த தவணை நின்றது, மாலை வகுப்புகளை மூடினோம். ஒரு பைசாகூட யாரும் திருடவில்லை. பிள்ளைகளுக்கு அதனால் என்ன லாபம்? படிப்பு நின்றது நின்றதுதான். அந்தப் பெற்றோர்களிடம் போய் வகுப்பு இல்லை என்று சொல்லும் வேலை களப்பணியாளர்களுக்கு வந்து சேர்ந்தது. நிறுவனருக்குப் பாராட்டு விழா நடந்தது.

சரி, இப்போது சிலர் கேட்பார்கள்: 'அப்படியென்றால் சேவை என்ற பெயரில் சொகுசுக் கார் வாங்குகிறவர்களை என்ன சொல்வீர்கள்?' திருடர்களைத் திருடர்கள் என்றுதான் சொல்வேன். அவர்களைப் பிடிக்க வழி உண்டு. தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். அறங்காவலர் குழுவில் ஒரே குடும்பம் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காசோலையில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடுகிறாரா என்று விசாரியுங்கள். இதையெல்லாம் கேட்க உழைப்பு வேண்டும். வட்டம் போட விரல் போதும். அப்புறம், திருட்டைக் கண்டுபிடிக்கும் கணக்காளருக்கும் சம்பளம் அந்த நிர்வாகச் செலவிலிருந்துதான் போகிறது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

'தன்னார்வலர்களை வைத்தே நடத்தலாமே?' தன்னார்வலர்கள் எனக்கு உயிர். ஆனால் தேர்வு வந்தால் அவர்களால் வர முடியாது, வேலை மாறினால் போய்விடுவார்கள். போகட்டும், அது அவர்கள் வாழ்க்கை. அவர்கள் வரும் நாளில் என்ன செய்ய வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், யாரைத் தனியாகச் சந்திக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் தினமும் அங்கே இருக்க வேண்டும். அந்த ஒருவர் மாதக் கடைசியில் என்ன செய்வார்? சேவை மனப்பான்மையை வாடகையாகக் கொடுப்பாரா?

இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-ல் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்களே, அரசாங்கமே சந்தேகப்படுகிறதே என்று ஒரு தோழர் எழுதியிருந்தார். தோழரே, அந்த விதி இருக்கிறது, கட்டுப்பட்டவர்கள் கட்டுப்படுகிறார்கள். அதற்காக கணக்கு எழுதுவது பாவம் ஆகிவிடுமா? இதற்கு மேல் இதில் பேச எனக்குப் பொறுமை இல்லை.

உண்மையைச் சொன்னால், வட்டம் போட்டவர் மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. அவருக்குத் தெரியாது. தெரிந்தும் வாய்மூடி இருந்தவர்கள் மேல்தான் குறையவில்லை.

அறங்காவலர் என்பது கல்வெட்டில் பெயர் வருவதற்கான பதவி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிரிட்டனில் கிட்ஸ் கம்பெனி என்று ஒரு பெரிய தொண்டு நிறுவனம் இருந்தது. பிரதமர்கள் வரை செல்வாக்கு, நிறுவனரின் கவர்ச்சி, கோடிக்கணக்கில் அரசு நிதி. கையிருப்பு நிதி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. 2015 ஆகஸ்டில் மூடியபோது அதை நம்பியிருந்த பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அடுத்த ஆண்டு பாராளுமன்றக் குழு அறங்காவலர்களைக் கடுமையாகச் சாடியது. 2021-ல் நீதிமன்றம் அவர்களைத் தகுதிநீக்கம் செய்ய மறுத்துவிட்டது என்பதும் உண்மை, யாராவது கமெண்ட்டில் வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். என் கேள்வி சட்டத்தைப் பற்றியது இல்லை. சில மாதச் செலவுக்காவது கையில் பணம் இருக்கிறதா என்று வருடா வருடம் கேட்டுக்கொண்டே இருப்பது யார் வேலை? மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வேலை.

எங்கள் மேஜைக்கு வருவோம். மேலாளரின் சம்பளம் பட்ஜெட்டில் இருந்தது. பட்ஜெட் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டோம். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. 'இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாமே, பாவம்' என்று சொன்னவர் ஒருவர், அவர் யார் என்று அவருக்கே தெரியும். ஸ்கிரீன்ஷாட் வந்த அன்று இரவு நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது. யாராவது அந்தப் பதிவின் கீழ் போய் 'இந்தச் சம்பளத்தை நாங்கள்தான் முடிவுசெய்தோம், கேள்வி இருந்தால் எங்களைக் கேளுங்கள்' என்று எழுதினீர்களா? நான் எழுதினேன். என் பதிலுக்குக் கீழே வந்த வசவுக்கு ஒரு லைக் விழுந்திருந்தது, அந்த லைக் நம் குழுவில் உள்ள ஒருவருடையது. கை தவறிப் பட்டிருக்கும் என்கிறார். இருக்கட்டும்.

'பிரச்சினையைப் பெரிதாக்க வேண்டாம் என்றுதான் பேசாமல் இருந்தோம்' என்றார் மூத்தவர் ஒருவர். வயதுக்கு மரியாதை கொடுத்துக் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஐயா, பிரச்சினை பெரிதாகாமல் இருக்கவில்லை. அது நம் மேலாளரான அந்தப் பெண்ணின் தலையில் மட்டும் பெரிதாகியது. அவர் வீட்டிலும் அந்த ஸ்கிரீன்ஷாட் போயிருக்கிறது. 'நீ அங்கே என்னதான் செய்கிறாய்' என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். தலைமை என்றால் மேடையில் மாலை வாங்கும்போது மட்டும் முன்வரிசையில் இருப்பதா? வேலை செய்கிறவர் மேல் கல் விழும்போது முன்வரிசை ஏன் காலியாகிறது?

நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று சொல்வார்கள். ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன். மூன்று வேறு வேறு நிதிகளைத் தனித்தனிக் கணக்காக, ஒன்றுக்கான பணம் மற்றொன்றில் கலக்காமல் நடத்தத் தெரிந்த ஒருவரை நாம் இழக்கும் நிலையில் இருக்கிறோம். அடுத்து வருகிறவர் பாதிச் சம்பளத்துக்கு வருவார் என்று நம் குழுவில் ஒருவர் ஏற்கெனவே வேறொருவர் பெயரைச் சொல்லிவிட்டார். வரட்டும். அந்தத் தோள்பை ரசீதுகளை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். மேலாளரின் சம்பளத்தை முடிவுசெய்தது குழுதான் என்று குழுவின் பெயரில் பகிரங்க அறிக்கை. அதோடு, ராஜினாமாவை ஏற்காமல் அவரை நேரில் அழைத்துப் பேசுவது. இரண்டும் தோற்றால் என் பதவியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கமெண்ட் திறந்தே இருக்கிறது, திட்டுகிறவர்கள் திட்டலாம். பட்ஜெட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் இங்கே வந்து 'அருமையான பதிவு' என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. அவருக்கு ஒரு போன் பண்ணுங்கள்.