மொரிஸ் மைனருக்குக் கண்புரை

கொட்டாஞ்சேனையில் பெயின்ட் பாஸின் கராஜ். மங்கிப்போன ஹெட்லைட்டைத் தேய்த்துத் தேய்த்துப் புதுசாக்குவதில் பாஸ் பேர் போனவர். உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கும் டியூஷன் சேர் வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்கிறார்.

சேர்: பாஸ், மொரிஸ் மைனர் ஒன்று. கண்ணாடியெல்லாம் பால் மாதிரி வெளுத்துப் போச்சு.

பாஸ்: மொரிஸ் மைனரா! அதைக் கண்ணால் பார்த்து எவ்வளவு காலம்! ரோட்டில் விடாதீங்க சேர், உள்ளே எடுங்க.

சேர்: (சட்டைப் பையில் கைவிட்டு) எடுத்தாச்சு.

பாஸ்: இது என்ன, முருங்கைக்காய்த் துண்டு அளவில்?

சேர்: அசலில் 43இல் ஒரு பங்கு. 9 சென்ரிமீற்றர்கூட வராது. ஆனால் லேசாக நினைக்காதீங்க. 1948இல் வந்த கார், 10 இலட்சத்துக்கு மேல் தயாரான முதல் பிரித்தானியக் கார் இதுதான். மைத்துனர் லண்டனிலிருந்து அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை அவரே வருகிறார்.

பாஸ்: இப்போதுதான் வேர்வை ஏன் என்று விளங்குது.

சேர்: எல்லாம் என் மனுசி செய்த வேலை. தூசி தட்டுகிறேன் என்று எதையோ போட்டுத் துடைத்துவிட்டாள். மூன்று நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. தின்னர் போட்டுப் பார்க்கலாமா?

பாஸ்: ஐயோ, தின்னர் பக்கமே போகாதீங்க! இது யோகட் கப் சாதிப் பிளாஸ்டிக். தின்னர் பட்டால் வட்டிலப்பம்தான்.

சேர்: பொலிஸ்டைரீன்.

பாஸ்: பேர் உங்களுக்கு, வேலை எனக்கு.

சேர்: அப்படியென்றால் அந்த பஃபிங் மெஷினில் ஒரு பிடி பிடியுங்களேன்.

பாஸ்: இதையா? சூட்டில் உருகும். உருகாவிட்டால் பறந்துபோய் லூசியாள் கோயில் கூரையில் விழும். (விரலால் தடவிப் பார்க்கிறார்) வெளியே வழுவழு என்றுதானே இருக்கு. மங்கல் உள்ளே சேர். உங்க மனுசி கதவைத் திறந்து, சீட்டில் உட்கார்ந்து துடைத்தாவோ?

சேர்: கதவு திறக்காது.

பாஸ்: யார் கழற்றினது?

சேர்: முன் கண்ணாடி கொஞ்சம் ஆடியது. அடியில் இரண்டு ஸ்க்ரூதானே, நான்தான் கழற்றி, சுப்பர் குளூ ஒரு துளி...

பாஸ்: ஒரு துளி?

சேர்: ரியூப்பில் முக்கால்.

பாஸ்: உடனே பூட்டிட்டீங்க?

சேர்: உடனே. (முகம் மாறுகிறது) ஓ... சுப்பர் குளூ விடுகிற சயனோஅக்ரிலேற் ஆவி! ஈரப்பதம் பட்டதும் இறுகி வெள்ளையாகப் படிந்துவிடும். பூட்டிய பெட்டிக்குள், அதுவும் கொழும்புப் புழுக்கத்தில், கேட்கவே வேண்டாம். (உற்சாகம் பிறக்கிறது) பொலிஸ்கூட இந்த ஆவியைக் காட்டித்தான் கைரேகை எடுக்கிறது, தெரியுமா பாஸ்? கைபட்ட பிசுக்கில் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

பாஸ்: (பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து) அதுதானா? பின் கண்ணாடியில், உள்பக்கம், வடிவாக ஒரு பெருவிரல் தெரியுது.

(சேர் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.)

பாஸ்: இதைத்தான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீங்களோ?

சேர்: பாடத்திட்டத்தில் இல்லை. சரி, வழி இருக்கா?

பாஸ்: இருக்கு. கழற்றி எடுத்து, 2000 நம்பர் எமரி தாள், அப்புறம் 3000. தண்ணீர் தொட்டு, விரல் நுனியால் மட்டும். பிறகு வெள்ளைப் பற்பசை. பிள்ளைக்குக் கன்னம் துடைக்கிற மாதிரித் தேய்க்க வேணும். கழுவிக் காயவைத்து, கடைசியில் தரைக்குப் பூசும் பொலிஷில் ஒரு முக்கு. கண்ணாடி மாதிரி வரும்.

சேர்: பொலிஷ் வீட்டில் டின் டின்னாக இருக்கு!

பாஸ்: சிவப்பா?

சேர்: சிவப்புச் சீமெந்துத் தரைக்குச் சிவப்புத்தானே.

பாஸ்: அது மெழுகு! மைத்துனருக்குக் காட்டவா, வெசாக் கூடாகத் தொங்கவிடவா? நான் சொல்வது தண்ணீர் மாதிரித் தெளிந்த அக்ரிலிக். முக்கி எடுத்து, தூசி விழாமல் கோப்பையால் மூடி ஓர் இரவு விட வேணும். இனிமேல் கண்ணாடி ஒட்ட மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசையைத் தொடுங்க, அது ஆவி விடாது.

சேர்: பாஸ், முதலில் பின் கண்ணாடியைத் தேயுங்க.

பாஸ்: அது சின்ன இடம், கடைசியில் பார்ப்போம்.

சேர்: இல்லை, இப்போதே. மனுசி சந்தையிலிருந்து இந்த வழியால்தான் வருவாள்.

பாஸ்: அப்போ அதுக்குக் கூலி இரட்டிப்பு. மற்றதெல்லாம் பொலிஷ் வேலை, இது தடயம் அழிக்கிற வேலை.