‘இன்ட்ரஸ்ட் இல்லை’ என்று ஒரு வரி

நம் குழந்தைகள் போட்ட நாடக விஷயம்தான். உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மேடையேற இரண்டு நாள் இருக்கும்போது, நடிக்க வேண்டிய ஒரு பையனின் அப்பாவிடமிருந்து குரூப்பில் வந்தது அந்த ஒற்றை வரி: “அவனுக்கு இன்ட்ரஸ்ட் போயிடுச்சு, வேற யாரையாவது பார்த்துக்கோங்க.” கூடவே கைகூப்பும் எமோஜி. மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

பையன் மேல் எனக்குத் துளியும் கோபம் கிடையாது. பத்து வயதில் அலுக்கத்தான் செய்யும். ஒத்திகையில் எனக்கே எத்தனையோ நாள் அலுத்தது. ஆனால் நாலு காட்சிகளில் அவன் எதிரே நின்று பேச வேண்டிய பிள்ளை என்ன செய்வாள்? ஒப்புக்கொண்டால் முடிக்க வேண்டும். பிடிக்கவில்லையா, இதை முடித்துவிட்டு அடுத்ததற்கு வராதே. நான் கேட்பது அவ்வளவுதான்.

“குழந்தையை வற்புறுத்தலாமா?” என்று வருவார்கள். உடம்பு முடியவில்லை, யாரோ மிரட்டுகிறார்கள் என்றால் அந்த நிமிடமே கூட்டிப்போங்கள், நானே வாசல் வரை வருகிறேன். இங்கே நடந்தது அதுவா? அன்றைக்கு ஒரு பிறந்தநாள் பார்ட்டி. போட்டோக்களை நாங்களும் பார்த்தோம்.

நான் சின்ன வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்து மூன்றாம் வாரமே அழுதேன். அம்மா திட்டவில்லை. “மூணு மாசம்னு நீதான் சொன்ன. முடியட்டும், அப்புறம் பேசலாம்.” முடித்தேன், நிறுத்தினேன். அவரும் அப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் சுமாராகத்தான் நீந்துவேன், அது வேறு கதை.

குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று என்னும் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2013இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதில் ஒன்றைச் சேர்த்தார்கள். மொத்தம் 28 சிறு குழந்தைகள். நல்ல வரைபொருள்கள் கொண்டுவருவதாகச் சொன்ன பெரியவர் பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார், மீதிப் பேரிடம் கையை விரித்தார். அப்புறம் மிட்டாய். ஏமாந்த குழந்தைகள் சராசரியாக 3 நிமிடம் பொறுத்தார்கள், மற்றவர்கள் 12 நிமிடம். பொறுமை இல்லாத பிள்ளை என்று யாரைச் சொல்கிறோம்?

ஆமாம், பெரியவர்களைத்தான் சொல்கிறேன். நாடகத்துக்கு நாற்காலி போட வருவதாகக் குரூப்பில் பதினான்கு பேர் கட்டைவிரல் தூக்கினீர்கள். வந்தது மூன்று பேர். ஒருவராவது ‘வர முடியவில்லை’ என்று சொன்னீர்களா? “உனக்கு ஈகோ” என்கிறார் ஒரு நண்பர். இருக்கட்டும். இரண்டு இரவு கண்விழித்து அவன் வசனத்தையும் சேர்த்துப் படித்தாளே அந்தப் பிள்ளை, அவளுக்கும் ஈகோவா?

நேற்று அதே அப்பா, அடுத்த நாடகத்துக்குப் பையன் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதே கைகூப்பு. இன்னும் பதில் போடவில்லை.