திருகோணமலை பற்றிய "உங்களுக்குத் தெரியுமா" பதிவுகளுக்கு ஒரு வேண்டுகோள்

கோணேசர் மலைப் படம், அதன் மேல் மஞ்சள் எழுத்தில் "உங்களுக்குத் தெரியுமா?", கீழே நாலு வியப்புக்குறி. எங்கட ஊரைப் பற்றி இப்படிப் பதிவுகள் ஓயாமல் சுற்றுகின்றன. பகிர்வதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஊர்ப்பற்று நல்லதுதான். ஆனால் அவற்றில் பாதி பிழை. மீதிப் பாதியில் "ஏன், எப்படி" என்ற விளக்கம் இல்லை. திருகோணமலையின் உண்மையான விந்தைகள் இந்தப் படங்களில் வருவதைவிட வினோதமானவை. அவற்றைச் சொல்ல இரண்டு வரி கூடுதலாக எழுத வேண்டும், அதற்குத்தான் பஞ்சி.

துறைமுகத்தை எடுங்கள். "உலகின் இரண்டாவது பெரிய இயற்கைத் துறைமுகம்" என்று ஒரு பக்கம் போடும், "ஐந்தாவது" என்று இன்னொரு பக்கம் போடும். கனடாவின் ஹலிஃபக்ஸ், அயர்லாந்தின் கோர்க், இங்கிலாந்தின் பூல் எல்லாம் இதே இரண்டாம் இடத்துக்குத்தான் உரிமை கோருகின்றன. முதலிடம் என்று சொல்லப்படும் சிட்னிக்கு அடுத்த நாற்காலியில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது! நீர்ப்பரப்பை அளப்பதா, ஆழத்தையா, கரையோர நீளத்தையா என்று சொல்லாத தரவரிசைக்கு அர்த்தம் கிடையாது. இதைவிடப் பெரிய செய்தி தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு கிளம்பி, ஆயிரம் மீற்றருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்கிப் போகிறது. வேறு இடங்களில் கரையிலிருந்து வெகுதூரம் போனால்தான் கிடைக்கும் ஆழம் இங்கே வாசலிலேயே இருக்கிறது. திமிங்கிலங்கள் இவ்வளவு கிட்ட வருவதும் அதனால்தான்.

திமிங்கிலம் என்றதும் வரும் பதிவு இது: "நீலத் திமிங்கிலத்தின் குரல் 188 டெசிபல், ஜெட் விமானம் 140 டெசிபல்தான்!" இரண்டு எண்ணும் சரி, ஒப்பீடுதான் பிழை. காற்றில் டெசிபல் கணக்கு 20 மைக்ரோபாஸ்கல் அழுத்தத்திலிருந்து தொடங்குகிறது, நீரில் 1 மைக்ரோபாஸ்கலிலிருந்து. இந்தத் தொடக்கப் புள்ளி வித்தியாசமே 26 டெசிபல். நீரின் அடர்த்தியும் அதில் ஒலி போகும் வேகமும் சேர்ந்து இன்னொரு 36. ஆகவே நீருக்கடியில் எடுத்த எண்ணிலிருந்து ஏறக்குறைய 62ஐக் கழித்துவிட்டுத்தான் காற்றோடு ஒப்பிடலாம். 188 அப்போது 126 ஆகிவிடும், ஜெட் வென்றுவிடும். ஆனால் அந்தக் குரலின் பெரும்பகுதி மனிதக் காது கேட்கக்கூடிய எல்லையின் அடிமட்டத்தில், 20 ஹேர்ட்ஸ் அளவில் இருப்பதால் நீரில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அதிகம் தேயாமல் போகிறது. ஜெட் எஞ்சினால் அது முடியாது.

"இதயம் கார் அளவு, அதன் நாளத்துக்குள் மனிதன் நீந்தலாம்" என்பது இன்னொன்று. 2014இல் கனடாக் கரையில் இறந்து கிடந்த ஒரு நீலத் திமிங்கிலத்தின் இதயத்தை எடுத்துப் பதப்படுத்தி ரொறன்ரோ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். எடை ஏறத்தாழ 180 கிலோ. பெருநாளத்துக்குள் தலையை நுழைக்கலாம், நீந்த முடியாது. 2019இல் வெளியான ஆய்வொன்றில், ஒட்டுக்கருவி பூட்டி அளந்தபோது, ஆழத்தில் மூழ்கியிருந்த திமிங்கிலத்தின் இதயம் நிமிடத்துக்கு இரண்டு முறை அளவுக்குத் துடிப்பைக் குறைத்தது, மேலே வந்து மூச்செடுக்கையில் 25இலிருந்து 37 வரை போனது. காரை விட்டுவிட்டு இதைப் போடுங்கள்.

மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை படகில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. திமிங்கிலம் மூச்சு விடும்போது எழும் நீராவித் தூறல் நேராக, ஒரு தென்னம்பிள்ளை உயரத்துக்கு எழுந்தால் அது நீலத் திமிங்கிலம். குட்டையாக, முன்பக்கம் இடப்புறமாகச் சாய்ந்து எழுந்தால் ஸ்பேர்ம் திமிங்கிலம், அதன் ஒற்றை மூச்சுத்துளை தலையின் இடது ஓரத்தில் இருப்பதால் அந்தச் சாய்வு. காற்று பலமாக வீசும் நாளில் இரண்டுமே சாய்ந்துதான் தெரியும், அப்போது நேரத்தை வைத்துப் பாருங்கள். நீலம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே வரும், ஸ்பேர்ம் முக்கால் மணி நேரம்கூட எடுக்கும். திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்கும் கிட்டப் படகை விடச் சொல்லி ஓட்டுபவரை நெருக்காதீர்கள். எஞ்சின் சத்தத்துக்கு அது முன்கூட்டியே மூழ்கிவிடும், காசு கொடுத்தும் ஒன்றும் பார்க்காமல் திரும்புவீர்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு வருவோம். "எரிமலையால் சூடாகும் ஏழு கிணறுகள், ஒன்று கொதிக்கும்" என்று ஒரு காணொளி ஓடுகிறது. இலங்கையில் எரிமலையே இல்லை. கன்னியாக் கிணறுகளின் நீர் 40 பாகை செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். முட்டையின் வெண்கரு இறுகத் தொடங்கவே 60 பாகைக்கு மேல் வேண்டும். மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு பிளவு வழியாக மேலே வருகிறது, அவ்வளவுதான் எந்திரம். பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் 25 பாகை அளவு சூடு கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே நிலத்தடி நீர் 28 பாகை, கிணற்றில் 40. வித்தியாசம் 12. அப்படியானால் அந்த நீர் குறைந்தது அரைக் கிலோமீற்றர் ஆழத்தையாவது பார்த்துவிட்டு வந்திருக்கிறது. வரும் வழியில் சூட்டை இழந்திருக்கும் என்பதால் உண்மை ஆழம் இன்னும் கூட. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கிய ஊற்றுகள் என்ற கதையும் இருக்கட்டும், அந்தியேட்டிக்கு அங்கே போகும் வழக்கமும் இருக்கட்டும். விஞ்ஞானம் அவற்றை இடறவில்லை. எரிமலையைத்தான் இடறுகிறது.

ஏழும் ஏழு சூடா என்று அளந்து பார்க்க ஆசையுள்ள ஆசிரியர்கள், மாணவர்களுக்கு: காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொண்டுபோக வேண்டாம். அது 35க்கும் 42க்கும் இடையில்தான் வேலை செய்யும், தொட்ட உச்ச எண்ணையே பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த கிணற்றில் பொய் சொல்லும். நெற்றிக்கு நீட்டும் துப்பாக்கி மாதிரிக் கருவியும் சரிவராது. அது நீரின் மேல்தோலை மட்டும் பார்க்கிறது, ஆவியாதலால் அந்தத் தோல் அடிநீரைவிடக் குளிர்ந்திருக்கும். சமையலறைக் கம்பி வெப்பமானியோ மீன்தொட்டி வெப்பமானியோ போதும். நூலில் கட்டி அடிவரை இறக்கி, முழுதாக ஒரு நிமிடம் விட்டு, நீருக்குள் இருக்கும்போதே எண்ணை வாசியுங்கள். ஒன்றிலிருந்து ஏழுக்கு ஒரு தடவை, ஏழிலிருந்து ஒன்றுக்கு இன்னொரு தடவை. இரண்டு சுற்றும் ஒத்து வரவில்லை என்றால் இடையில் யாரோ வாளியால் அள்ளிக் குளித்திருக்கிறார்கள், ஆகவே சனம் சேருமுன் விடியலில் போங்கள். கிணறுகளுக்கு இடையில் சில பாகை வித்தியாசம் வரும். ஒவ்வொரு ஊற்றிலும் சுடுநீர் வரும் வேகமும், அதோடு கலக்கும் மேல்நிலத்தடி நீரின் பங்கும் வேறு வேறு. மாரி மழைக்குப் பிறகு அளந்தால் எண்கள் இறங்கியிருக்கும்.

இனி, எந்த மஞ்சள் எழுத்துப் பதிவும் தொடாத ஒன்று: புல்மோட்டைக் கறுப்பு மணல். எனக்குக் கேட்டால், ஊரின் முதல் விந்தை இதுதான்.

உள்நாட்டுப் பழம்பாறைகள் சிதைந்து, ஆறுகள் அவற்றை மணலாக்கிக் கடலுக்குக் கொண்டுவருகின்றன. வாடைக்காற்று மாதங்களில் அலை அந்த மணலைக் கரையில் எறிந்துவிட்டுத் திரும்பும்போது, இலேசான குவாட்சு (வெள்ளை மணலின் கனிமம்) மணிகளை இழுத்துக்கொண்டு போகிறது, பாரமானவை தங்கிவிடுகின்றன. குவாட்சின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு. இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த கறுப்புக் கனிமமான இல்மனைட்டு ஏறக்குறைய 4.7 மடங்கு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கடலே நின்று புடைத்துத் தந்த மணல் இது. அதனால்தான் சில இடங்களில் முக்கால்வாசியை நெருங்கும் அளவுக்கு இல்மனைட்டு சேர்ந்து கிடக்கிறது. மிச்சத்தில் வேறு பாரக் கனிமங்களான ரூட்டைல், சிர்கோன், கொஞ்சம் மொனசைட்டு. 200 மில்லிலீற்றர் தேநீர்க் கோப்பையில் வெள்ளைக் கடற்கரை மணலை நிரப்பினால் 320 கிறாம் அளவு வரும், நல்ல கறுப்பு மணல் அரைக் கிலோவைத் தொடும். கண்ணை மூடித் தூக்கினாலே தெரியும்.

இதை நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மணலில் ஓடும் கறுப்புக் கோடுகளிலும் பார்க்கலாம். இரண்டு மேசைக்கரண்டி போதும். வாளி வாளியாக அள்ளாதீர்கள், அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். நன்னீரில் இரண்டு தடவை அலசி உப்பை எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஈரமோ உப்போ இருந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, எது எதோடு வருகிறது என்றே தெரியாது. வெள்ளைத் தாளில் ஒரு மணி தடிப்புக்குப் பரப்புங்கள். காந்தம்தான் முக்கியம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் இரும்புக் கனிமமான மக்னடைட்டு மணிகள் சிலவற்றை மட்டுமே தூக்கும். அதை வைத்துப் பார்த்துவிட்டு "இதில் இரும்பே இல்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. இல்மனைட்டின் காந்த ஈர்ப்பு பலவீனமானது, மிகப் பலமான நியோடிமியம் காந்தம் வேண்டும். பழுதான கணினி வன்தட்டைப் பிரித்தால் உள்ளே பிறை வடிவில் இரண்டு கிடைக்கும். விரல் அகப்பட்டால் நசிக்கும், கவனம். காந்தத்தை ஒரு மெல்லிய பொலித்தீன் பைக்குள் போட்டு, மணலுக்கு அரைச் சென்ரிமீற்றர் மேலே மெதுவாக நகர்த்துங்கள், கறுப்பு மணிகள் துள்ளி ஏறும். வேறொரு தாளுக்கு மேலே கொண்டுபோய்ப் பைக்குள்ளிருந்து காந்தத்தை மட்டும் உருவினால் எல்லாம் கொட்டிவிடும். பை இல்லாமல் நேரே வைத்தவர்கள் பல்துலக்கும் பிரஷ்ஷோடு அரை நாள் குந்தியிருக்க வேண்டியதுதான். ஏறிய மணிகளில் இளஞ்சிவப்பு கலந்திருந்தால் அது கார்னட் என்ற கனிமம், அதற்கும் பலவீனமான ஈர்ப்பு உண்டு.

கனிம மணல் தொழிற்சாலையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான், அளவுதான் பெரிது. பாரத்தை வைத்துக் குவாட்சை நீக்குவார்கள், காந்தத்தால் இல்மனைட்டை எடுப்பார்கள், மிச்சத்தை உயர் மின்னழுத்தத்துக்கு ஊடாக விடுவார்கள். ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது, இரண்டும் இரண்டு பக்கம் விழும்.

அந்தக் கறுப்பு இல்மனைட்டிலிருந்து அமிலத்தால் இரும்பைக் கழற்றினால் வருவது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. சுவர்ப் பூச்சின் வெள்ளை, பற்பசையின் வெள்ளை, மாத்திரை உறையின் வெள்ளை எல்லாம் அதுதான். அதன் ரூட்டைல் வடிவத்தின் ஒளி முறிவுச் சுட்டி 2.6க்கு மேல், வைரத்துக்கு 2.42தான். வைரத்தைவிட ஒளியை முறிக்கும் பொருளைத்தான் காலையில் பல்லில் தேய்க்கிறோம். நாங்கள் கறுப்பை மூலப்பொருளாக ஏற்றுமதி செய்துவிட்டு வெள்ளையை விலை கொடுத்து இறக்குகிறோம். ஊர்ப்பெருமைப் பக்கங்கள் கோபப்பட விரும்பினால் இதற்குக் கோபப்படலாம்.

காந்தத்துக்கு மசியாமல் தாளில் மிஞ்சியதைக் கைக்கண்ணாடியால் பாருங்கள். கண்ணாடித்தூள் மாதிரி மினுங்குபவற்றில் சிர்கோன் இருக்கும், புற ஊதா ரோர்ச் அடித்தால் சில மணிகள் மஞ்சளாக ஒளிரும். சிர்கோன் உருவாகும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே விடும், ஈயத்தை விடாது. பிறகு அதற்குள் காணப்படும் ஈயம் யுரேனியம் தேய்ந்து வந்தது, அதை அளந்தால் வயது. பூமியில் இதுவரை கிடைத்த மிகப் பழைய கனிமத் துணுக்கும் ஒரு சிர்கோன்தான், அவுஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் எடுத்தது, 440 கோடி ஆண்டு. உலக ஆய்வுகூடங்கள் தங்கள் கருவிகளைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் மாதிரிக் கற்களில் இலங்கைச் சிர்கோன்களும் உண்டு. அவற்றின் வயது சுமார் 56 கோடி ஆண்டு.

வரலாற்றுப் பதிவுகளிலும் இதே வியாதி. "திருகோணமலையில் சொறி பிடித்ததால் கப்பலைத் தவறவிட்டு உயிர் தப்பினார் வெலிங்டன்" என்று ஒன்று. பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெலஸ்லி 1800 கடைசியிலும் 1801 தொடக்கத்திலும் இங்கே படை திரட்டிக்கொண்டிருந்தது உண்மை, பிரட்றிக் கோட்டைக்குள் அவர் பெயரில் வீடும் இருக்கிறது. ஆனால் அவர் நோயில் விழுந்தது இங்கிருந்து பம்பாய்க்குப் போன பிறகு. முதலில் காய்ச்சல், பிறகு சொறி. நைத்திரிக் அமிலம் கலந்த நீரில் குளிக்க வைத்தார்கள். அவர் போகவேண்டிய சுசானா என்ற கப்பல் ஆட்களோடு மூழ்கியது, 14 ஆண்டுகள் கழித்து அவர் நெப்போலியனைத் தோற்கடிக்க வாட்டர்லூவில் நின்றார். எங்கட ஊர்ச் சொறிக்கு அந்தப் பெருமை கிடையாது.

ஊரின் பெயரைச் சுமக்கும் கப்பலைப் பற்றியாவது சரியாக எழுதுங்கள். ஹெச்எம்எஸ் திருகோணமலை, இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் இன்றும் மிதக்கிறது. 1782இல் இங்கே நடந்த கடற்சண்டையின் பெயர். கட்டியது இங்கிலாந்திலும் இல்லை, இங்கேயும் இல்லை. பம்பாயில், ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் கையால், தேக்கில். நீரில் இறக்கியது 1817 ஒக்டோபர் 12. ஓக் மரத்திலுள்ள தனின் அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும், தேக்கின் எண்ணெய் காக்கும். இரு நூற்றாண்டு நின்றதற்கு அது ஒரு காரணம். அதன் வரைபடம் முதலில் பம்பாய்க்கு வந்து சேரவே இல்லை. ஏற்றி வந்த ஜாவா என்ற பிரித்தானியக் கப்பலை 1812 டிசெம்பரில் அமெரிக்கர் பிடித்துவிட, இன்னொரு பிரதி வரைந்து அனுப்ப வேண்டியதாயிற்று. பக்கங்கள் போடுவதுபோல் இது "உலகிலேயே மிகப் பழைய மிதக்கும் போர்க்கப்பல்" அல்ல, பிரித்தானியக் கப்பல்களுக்குள்தான் அந்த இடம். உலகக் கணக்கில் முந்துவது 1797இல் நீரில் இறங்கி இன்றும் பொஸ்டனில் மிதக்கும் கொன்ஸ்ரிரியூஷன். ஜாவாவைப் பிடித்த அமெரிக்கக் கப்பலும் அதேதான்.